கேன்சலில் வந்த விண்வெளி வீரர்

வாய்விட்டுப் புத்தகம் வாசிப்பதும் ஒரு தொழில்தான் என்று எங்கள் தெருவில் இன்னும் ஒருவரையும் என்னால் நம்பவைக்க முடியவில்லை. "அது பள்ளிக்கூடத்துப் புள்ளைக செய்யிற வேலதானே?" என்கிறார்கள். சென்னையில் இருக்கும் ஒரு ஒலிப்புத்தகக் கம்பெனிக்காக, அரிமளத்தில் என் வீட்டுப் பீரோ அறைக்குள் உட்கார்ந்து விஞ்ஞான நாவல்களை வாசித்து அனுப்புகிறேன். சுவரெல்லாம் கல்யாணச் சீரில் வந்த மெத்தைகள் தொங்கும். ஜன்னலுக்கு இரட்டைப் போர்வை. மின்விசிறி கிடையாது, அதன் சத்தம் மைக்கில் விழும். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து சாயங்கால அசர் பாங்கு சொல்வதற்குள் தெருவே உண்ட மயக்கத்தில் கிடக்குமே, அதுதான் என் ஆபீஸ் நேரம்.

விஞ்ஞான நாவல் படிக்கிற உங்களுக்கு இந்த வியாதி தெரிந்திருக்கும். ஒரு வயதில் சாப்பாட்டை மறந்து படித்த கதையைப் பத்து வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் சப்பென்று இருக்கும். இதற்கா அம்மாவிடம் திட்டு வாங்கினோம் என்று விழித்திருப்பீர்கள். நானும் உங்கள் கட்சிதான். ஒவ்வொரு வகைக் கதையாகப் பிடித்து, ஒவ்வொன்றாக விட்டிருக்கிறேன். ஆனால் என் ருசி மாறியதற்கெல்லாம் ஒரே ஆள்தான் காரணம். அவர் என் வீட்டுக்காரர் சாகுல். கல்யாணமான நாளிலிருந்து சவுதியில் ட்ரெய்லர் ஓட்டிக்கொண்டு, எப்போதாவது லீவில் வந்துபோய்க்கொண்டிருந்தவர், இந்த வருஷம் கேன்சலில் வந்துவிட்டார். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊரோடு வருவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வந்து சில மாதங்களாகியும் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை. போனிலேயே நடத்திய குடித்தனம் நேரில் ஓடுமா என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயம் கீழே வருகிற எல்லாத் துணுக்கிலும் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நேயர்

கல்யாணமாகிக் கை மருதாணி அழிவதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார். போனில் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. "சாப்பிட்டீங்களா மச்சான்?" என்பேன். "ஆச்சு" என்பார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்சம் அழுத்திக் கேட்டுவிட்டால் யாருக்காவது அழுகை வந்துவிடும். ஒரு நாள் அந்த மௌனம் தாங்காமல், கையில் இருந்த நூலகப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் எனக்குச் சண்டைக் கதைதான் பிடிக்கும். ஒரு கிரகம் இன்னொரு கிரகத்தின் மேல் கதிர் பாய்ச்ச வேண்டும், நாலு கப்பலாவது வெடிக்க வேண்டும்.

வாசித்தபோதுதான் தெரிந்தது, கண்ணால் படிக்கும்போது உடம்பு சிலிர்த்த சண்டையெல்லாம் காதுக்கு வெறும் இரைச்சல். 'டமார்' என்று ஒரு பொம்பளை எத்தனை தடவைதான் சொல்வாள்? ஆனால் இரண்டு சண்டைக்கு நடுவில், காவலுக்கு நிற்கிற ஒருவன் கப்பலின் ஜன்னல் வழியாகத் தூரத்தில் புள்ளியாகத் தெரியும் தன் கிரகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற அரைப் பக்கம் ஒன்று வந்தது. பள்ளிக்கூட நாட்களில் நான் புரட்டித் தள்ளிவிட்டுப் போகிற மாதிரியான பக்கம். அதை வாசித்து முடித்ததும் அங்கிட்டுச் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் சொன்னார்: "நீ பேசுனா எனக்கு அழுக வந்துருது புள்ள. வாசி. அதுன்னா தாங்குது."

தண்ணீர்க் கிரகம்

வாட்ஸ்அப் வந்த பிறகு நான் தினமும் ஒரு அத்தியாயத்தைப் பேசிப் பதிந்து அனுப்பிவிடுவேன். அவர் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது, கதையில் தண்ணீர் வர வேண்டும். கடலுக்கடியில் நகரம், விடாமல் மழை பெய்கிற கிரகம், தரையே இல்லாமல் அலையாக இருக்கிற உலகம் என்று தேடித் தேடி எடுத்தேன். எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர்க் கதை என்றாலே மூச்சு முட்டும். ஆனால் ஒருவருக்காக வாசிக்க ஆரம்பித்தால் அவருடைய ருசி கொஞ்சம் கொஞ்சமாக நம் நாக்கிலும் ஏறிவிடுகிறது. சண்டைக் கதைகளை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருப்பேன், பீரோ அறை முழுக்க மெதுவாகத் தண்ணீர் ஏறுவது போல இருக்கும். அடுக்கியிருந்த மெத்தைகள் ஆடுவது போல இருக்கும்.

மழைக் கிரகத்தின் நடு அத்தியாயத்தை அனுப்பிய அன்று அவரிடமிருந்து பதில் வந்தது. பின்னால் வண்டியின் உறுமலும் மணல் காற்றும். அதற்கு மேலே அவர் சிரிப்பு. கல்யாணமான பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "கதையில மழ வந்து அடிச்சிச்சுல்ல, இங்கிட்டு நான் வைப்பரப் போட்டுட்டேன் புள்ள."

செவ்வாயில் மயில்

சவுதியில் அவர் அறையில் தங்கியிருந்த ஒருவர் என் குரலை இன்னொருவருக்கு அனுப்ப, அது சுற்றிச் சுற்றிச் சென்னைக் கம்பெனி வரைக்கும் போய், எனக்கு இந்த வேலை வந்தது. அங்கே ஒலியை வெட்டி ஒட்டிச் சரிசெய்கிற பிரவீணுக்குச் சொந்த ஊர் குன்றாண்டார்கோவில். எங்கள் மாவட்டத்துப் பிள்ளை என்பதால் உரிமையோடு திட்டுவான். வேலை கிடைத்த புதிதில் எனக்குச் சுத்த விஞ்ஞானப் பைத்தியம் பிடித்திருந்தது. காற்றில்லாத இடத்தில் சத்தம் கேட்டது என்று எழுதியிருந்தால் எழுதியவர் மேல் கோபம் வரும். எரிபொருளும் காற்றழுத்தமும் கணக்குக்குச் சரியாக இருந்தால்தான் அது எனக்குக் கதை.

அப்படி ஒரு சுத்தமான செவ்வாய்க் கதை வந்தது. சிவப்பு நிலத்தில் ஒருத்தி தன்னந்தனியாக நடக்கிறாள், அவ்வளவுதான். எனக்கு அது ரொம்ப வசதி. எங்கள் ஊர்த் தைலமரக் காட்டைத் தாண்டினால் செம்புறாங்கல் வெட்டிய பள்ளங்கள் கிடக்கின்றன. வாசிக்கும்போதெல்லாம் நான் அங்கேதான் நடந்துகொண்டிருந்தேன், காலுக்கடியில் செம்மண் நெறுநெறுத்தது. சிக்கல் என்னவென்றால் அந்தக் காட்டில் மயில்கள் உண்டு. 'என்னைத் தவிர இங்கே ஓர் உயிரும் இல்லை' என்று அவள் சொல்கிற இடத்தில் ஒரு மயில் கத்தியது. மறுபடி வாசித்தேன், மறுபடி கத்தியது. பிரவீண் எப்படி எப்படியோ வெட்டிப் பார்த்தும், தூரத்துக் கத்தல் ஒன்று தப்பிப் போய்ப் புத்தகத்துக்குள் தங்கிவிட்டது. எனக்கு மானம் போனது மாதிரி இருந்தது. யார் முதலில் புகார் சொல்வார்களோ என்று காத்திருந்தபோது, விராலிமலையிலிருந்து ஒரு நேயர் குரல் அனுப்பியிருந்தார்: "பாவம், அந்தப் பொண்ணு ஒத்தையில கெடந்து சாகப்போகுதுன்னு நெனச்சேங்க. மயிலுச் சத்தம் கேட்டுச்சு பாருங்க, அப்பறந்தான் எனக்குச் சோறு எறங்குச்சு."

பனியில் வியர்வை

அதற்குப் பிறகு சுத்த விஞ்ஞானத்தின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. கத்திரி வெயிலில் ஒரு பனிக் கிரகக் கதையை வாசித்தபோது முழுசாக விட்டுப்போனது. மெத்தைக்கும் போர்வைக்கும் நடுவில், மின்விசிறி இல்லாமல், நெற்றி வியர்வை புத்தகத்தின் மேல் சொட்டச் சொட்ட, 'மூச்சுக்காற்று உறைந்து தாடியில் பனியாகத் தொங்கியது' என்று வாசிக்கிறேன். உங்களில் யாராவது சமையல்கட்டில் நின்றுகொண்டு ஐஸ்கிரீமைப் பற்றிப் பேசியிருந்தால் என் நிலைமை புரியும். என்னால் ஆன மட்டும் பல்லைக் கிட்டித்துக் குளிரைக் கொண்டுவந்து அனுப்பினேன். பிரவீண் போனில் வந்தான்: "அக்கா, அவன் குளிர்ல விறைச்சுச் சாகணும். நீங்க வாசிச்சா அவனுக்கு வேர்க்குரு வந்த மாதிரி இருக்கு."

கைத்தட்டு

தப்பாக வாசித்துவிட்டால் ஒரு தடவை கை தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். தட்டிய சத்தம் கம்ப்யூட்டர் திரையில் ஊசி போலத் துருத்திக்கொண்டு நிற்கும். பிரவீண் அதைப் பார்த்து, தட்டுக்கு முன்னால் இருக்கிற தப்பை வெட்டிவிடுவான். இந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டால் இறங்காது. காய்கறிக் கடையில், "அரைக்கிலோ கத்திரிக்காய்" என்று சொல்லிவிட்டு, படாரென்று தட்டி, "அரைக்கிலோ வெண்டைக்காய்" என்றிருக்கிறேன்.

என் கொழுந்தனாருக்குப் பெண் பார்க்கப் போன சமயம். அவரும் வெளிநாட்டில்தான். அப்போது நான் திரும்பி வருகிற கதைகளில் மயங்கிக் கிடந்தேன். நடுவில் என்ன கூத்து நடந்தாலும் சரி, கடைசி அத்தியாயத்தில் கப்பல் பூமியில் இறங்க வேண்டும். இறங்காத கப்பலை நான் வாசிக்கவே மாட்டேன் என்று பிரவீணிடம் அடம் பிடித்ததுண்டு. அந்த மயக்கம் போகாமலே பெண் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை ரெண்டே வருசத்துல கேன்சல்ல வந்துருவாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுகணம் நாக்கு உறுத்தியது. என்னை அறியாமல் ஒரு தட்டு. "மாப்பிள்ளை கேன்சல்ல வர்றதப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்காரு." கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பெண்ணின் அம்மா டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தட்டுனதுக்கு அப்பறம் சொன்னீக பாருங்க, அதுதாம்மா நெசம். எங்க வீட்டுக்காரவுகளும் அதத்தான் ரொம்ப வருசமா யோசிச்சுக்கிட்டு இருக்காக."

நியாயம் பேசுகிறவள்

வேற்றுக் கிரகத்து ஆட்களைப் பற்றியும் என் எண்ணம் மாறிவிட்டது. முன்பெல்லாம் அவர்கள் வந்தாலே பச்சை ரத்தமும் உறுமலும்தான். இப்போது எனக்குப் பிடிக்கிற கதைகளில் அவர்கள் சும்மா வந்து வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குக் கரகரப்பான குரல் பொருந்தாது. ஒரு நாவலில் அப்படி வந்த ஒருத்தி, பூமிக்காரர்களின் பங்காளிச் சண்டையைத் தீர்த்துவைப்பாள். அவளுக்கு என்ன குரல் கொடுப்பது என்று முழித்துவிட்டு, கடைசியில் என் மாமியாரின் குரலை எடுத்துக்கொண்டேன். மூக்கால் ஒரு நீண்ட 'ம்ம்', அதற்குப் பிறகு ஒரே வெட்டு.

மாமி காதில் விழக் கூடாது என்று கதவை அழுத்திச் சாத்தித்தான் பதிவு செய்தேன். ஆனால் பக்கத்து வீட்டில் தையல் கடை வைத்திருக்கிற செல்வி, நாவல் வெளியான அன்றே போனைக் கொண்டுவந்து மாமிக்குப் போட்டுக் காட்டிவிட்டாள். மாமி வெங்காயம் உரித்துக்கொண்டே அத்தியாயம் முழுக்கக் கேட்டார். நான் கொல்லையில் காய்ந்த துணியையே திரும்பத் திரும்ப உதறிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது: "பானு, இந்தக் கதையிலயே நியாயம் பேசுறது அந்தக் கிரகத்துக்காரி ஒருத்திதான். அவளுக்கு மருமகளா வந்தவ குடுத்து வச்சவ."

செல்வியின் நிலா

செல்வி தையல் மிஷினை மிதித்துக்கொண்டே என் நாவல்களைக் கேட்பாள். அவளுக்கும் ருசி மாறும். ஆரம்பத்தில் ரோபோ வீட்டுவேலை செய்கிற கதை மட்டும்தான் கேட்பாள். "அது பாத்திரம் கழுவுற எடத்த இன்னொருக்கா வாசிங்கக்கா" என்பாள். பிறகு அது சலித்து, நிலாவில் குடியேறுகிற கதைகளுக்கு மாறினாள். நிலா நகரத்துக் கண்ணாடிக் கூரை விரிசல் விடுகிற கட்டத்தில் ஒரு ரவிக்கையின் இரண்டு கைகளையும் இடம் மாற்றித் தைத்துவிட்டாள். ரவிக்கைக்காரம்மா என் வீட்டு வாசலுக்கே சண்டைக்கு வந்தார். நான் என்ன பதில் சொல்வது? கூரைக்கு அந்தப் பக்கம் காற்றே இல்லை என்றா? எல்லாம் அடங்கிய பிறகு செல்வி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே யோசனையாகச் சொன்னாள்: "போகலாம்னுதான் இருந்துச்சு. ஆனா அங்க எல்லாரும் ஒரே மாதிரி உடுப்புல்ல போடுறாங்க. நெலாவுல எனக்குப் பொழப்பு ஓடாதுக்கா."

எக்கோ

இனி கேன்சல் கதைக்கு வருகிறேன். வந்த முதல் வாரம் அவர் விருந்தாளி. பிரியாணியும் சொந்தபந்தமுமாக வீடு நிறைந்திருந்தது. திருச்சி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற எங்கள் மகள் வந்து இரண்டு நாள் அத்தா பின்னாலேயே சுற்றிவிட்டுப் போனாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து வீட்டில் அவருக்கு இடமே இல்லாமல் போயிற்று. எங்கே உட்கார்ந்தாலும் அது மாமி காலை நீட்டுகிற இடமாக இருந்தது, அல்லது நான் துணி மடிக்கிற இடமாக இருந்தது. பாவம், எழுந்து எழுந்து நகர்வார். கடைசியில் ஒரு மூலை பிடித்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் பழைய நாவல்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் போய் எதிரே நிற்பேன். காதுக்குள் இருக்கிற பானுவை நிறுத்திவிட்டு எதிரில் நிற்கிற பானுவுக்கு வந்து சேர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது.

ஒரு நாள் எனக்கு உதவி செய்கிறேன் என்று, சுவரில் தொங்கிய மெத்தைகளையெல்லாம் கழற்றி மொட்டை மாடியில் காயப் போட்டுவிட்டார். அன்றைக்கே ஒரு அத்தியாயம் அனுப்பியாக வேண்டும். வியர்க்க விறுவிறுக்க இறங்கி வந்து நின்றவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் சொல்ல மனசு வரவில்லை. வெறும் சுவருக்கு நடுவில் உட்கார்ந்து வாசித்து அனுப்பிவிட்டேன். பிரவீண் கூப்பிட்டபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. "என்னக்கா, எங்க ஊரு குகைக் கோயிலுக்குள்ள உக்காந்தா வாசிச்சீங்க? ஒண்ணு சொன்னா ஒம்பதாக் கேக்குது." மூலையில் இருந்தவர் ஹெட்போனைக் கழற்றினார். "ஊருக்கு வந்து நான் செஞ்சது ஒரே ஒரு வேல. அதுவும் எக்கோ அடிக்குது."

மணல்

அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று, "என்ன கதை வாசிக்கட்டும் மச்சான்? மழைக் கிரகமா?" என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "மணல் கதை ஏதாச்சும் இருக்கா?" என்றார். வீட்டு வாசலில் இறங்கிவிட்டவருக்கு இன்னும் பாலைவனமா கேட்கிறது? ஆனாலும் தேடினேன். மனிதர்கள் போய்க் குடியேறிய ஒரு வறண்ட கிரகத்தில் சரக்கு வண்டி ஓட்டுகிற ஒருவனின் கதை கிடைத்தது. வளைவே இல்லாத பாதை, ஓரத்தில் தனியாக நிற்கிற ஒரு டீக்கடை, காற்று தன் பாட்டுக்கு மணலை அள்ளி வேறொரு இடத்தில் வைத்துவிட்டுப் போகிற ஓசை.

வாசிக்க வாசிக்க எனக்குத் தூக்கம் மாதிரி ஒன்று வந்தது, ஆனால் தூக்கம் இல்லை. அவர் இத்தனை வருஷம் எதைப் பார்த்துக்கொண்டு என் குரலைக் கேட்டார் என்பதை அன்றுதான் பார்த்தேன். அந்த வண்டியில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன், வெளியே எல்லாம் பொன் நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. மணலை வெறுத்துக்கொண்டே இருந்தவளுக்கு அந்தக் கதை அவ்வளவு பிடித்துப்போனது எனக்கே ஆத்திரமாக இருந்தது. வெளியே வந்து, "அவ்வளவு பிடிச்சிருந்தா அங்கயே இருந்திருக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "அங்க இருந்தப்ப தண்ணி கேட்டேன்ல? இதுவும் அதே ஆசைதான் புள்ள, எடந்தான் மாறி நிக்குது."

கடைசிப் பக்கம்

சமீபத்தில் ஒரு பெரிய நாவல் வந்தது. ஒருவன் தொலைதூர நட்சத்திரத்துக்குப் போய், என்னென்னவோ பட்டு, கடைசிப் பக்கத்தில் பூமிக்கு வந்து சேர்கிறான். கடைசி வரி, 'அவன் வீடு திரும்பினான்.' முன்பு இந்த வரிக்காகவே முழு நாவலையும் வாசித்திருப்பேன். இப்போது வாய் வரவில்லை. முதல் தடவை வாசித்தபோது பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி இருந்தது. அடுத்த தடவை யாரையோ திட்டுகிற மாதிரி இருந்தது. திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் அது பொய்யாகவே கேட்டது.

நான் உள்ளே இருக்கும்போது கதவைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அன்று கதவு திறந்தது. அவர்தான். சாத்திய கதவுக்கு வெளியே நின்று இத்தனை நேரமும் அந்த ஒரு வரியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அப்பறம்?" என்றார். கதை முடிந்துவிட்டது என்றேன். "முடிஞ்சிருச்சா? வந்தவன் வீட்டுல எங்க உக்காந்தான்னு எழுதலையா?" எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நகர்ந்து இடம் கொடுத்தேன். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, மெத்தைக்கு நடுவில், என் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். அந்த இருட்டில் வெளி உலகமே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் எங்கேயோ மிதந்துகொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

பேசுகிற குரலில் எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால் புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வாசிக்கிற குரலில் ஆரம்பித்தேன். "அவன் வீடு திரும்பினான். அவன் டீக்கு எத்தனை சர்க்கரை என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை." பக்கத்திலிருந்து, "ஒண்ணர ஸ்பூன்" என்று மெதுவாகக் குரல் வந்தது. "அதை அவன் ஏன் சொல்லவில்லை?" என்று வாசித்தேன். "கேப்பாகளான்னு பாத்துக்கிட்டு இருந்தான்." "அவளும் அவன் சொல்வானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவன் வந்ததில் சந்தோஷம். ஆனால் பயமாகவும் இருந்தது." "அவனுக்கும்தான் புள்ள," என்றார். அதற்குப் பிறகு யார் வாசித்தோம், யார் பேசினோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தாள் எப்போது கீழே விழுந்தது என்றும் தெரியாது. வருஷக்கணக்கில் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டினோம். இரண்டு பேரும் அழுதோம், தாங்கிக்கொண்டோம். அசர் பாங்கு கேட்டபோதுதான் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன்.

அவசரத்தில் அந்தப் பதிவு அப்படியே சென்னைக்குப் போய்விட்டது. மறுநாள் பிரவீண் கூப்பிட்டான். அவன் என்றைக்கும் இல்லாத தணிந்த குரலில் பேசினான்: "அக்கா, கடைசி வரிக்கு அப்பறம் புத்தகத்துல இல்லாத ஒண்ணு ரொம்ப நேரம் ஓடுதுக்கா. நான் காதுல வாங்காம வேகமாத்தான் ஓட்டுனேன். ஆனா அதுக்கு நடுவுல நீங்க ஒரே ஒரு தடவ 'அவன் வீடு திரும்பினான்'னு சொல்றீங்க, அதுதான் சரியா வந்திருக்கு. அத மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்த உங்களுக்கே அனுப்பிரட்டுமா?"

ஆக, கிரகத்துக்குக் கிரகம் சண்டை போட்ட கதையில் ஆரம்பித்த என் ருசி இன்றைக்கு வந்து நிற்கிற இடத்தில், விண்வெளி வீரருக்கு வானத்தில் ஒரு வேலையும் கிடையாது, டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சொன்னால் போதும்.